பேசிக் 1,400 டாலர்: ஒரு பிலிப்பைன்ஸ் சீஃப் ஆபீசரின் ஒப்பந்தமும் 11 ஆண்டு வழக்கும்

1998 மார்ச் 19. மணிலாவிலிருந்து கப்பலேறக் கிளம்ப வேண்டிய நாள். அந்த மாலுமியின் கையில் சீஃப் ஆபீசர் வேலைக்கான 12 மாத ஒப்பந்தம் இருந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்பைக் கவனித்த அரசு அமைப்பான பி.ஓ.இ.ஏ. அதற்கு ஒப்புதலும் தந்திருந்தது. ஒப்பந்தத்தில் பணம் பற்றிய வரிகள் நான்கு. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாதம் 1,400 டாலர். வேலை வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் மாதம் 700 டாலர். மாதத்துக்கு 7 நாள் லீவுச் சம்பளம்.

கிளம்பும் அன்றைக்கு வேறொரு ஒப்பந்தம் நீட்டப்பட்டது. அதில் வேலை செகண்ட் ஆபீசர், பேசிக் 1,000 டாலர். ஏப்ரல் கடைசிக்குள் சீஃப் ஆபீசராக்கிவிடுகிறோம் என்று வாய்வார்த்தை. அவர் கையெழுத்திட்டார். ஏப்ரல் போனது, பதவி வரவில்லை. செகண்ட் ஆபீசராகத் தொடர மறுத்தார். மே 26 அன்று மணிலாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். கப்பலில் இருந்தது 2 மாதம் 7 நாள், ஒப்பந்தத்தில் மிச்சம் 9 மாதம் 23 நாள்.

அந்த மிச்ச நாட்களுக்கு எவ்வளவு பணம் என்பதை முடிவு செய்ய 2009 மார்ச் 24 வரை ஆனது. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு அன்று தந்த தீர்ப்பு, ஜி.ஆர். எண் 167614, வெளிநாடு போகும் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் எல்லோருக்கும் பொருந்தும் சட்டமாக நிற்கிறது. தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அரசியல் சாசனப் பகுதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாலுமிகளுக்கு அதைவிட முக்கியமான பகுதி அதே தீர்ப்பின் கடைசியில் சில பத்திகளில் இருக்கிறது: சம்பளம் என்றால் பேசிக் மட்டுமே. கப்பல் வேலையில் எதைக் கணக்குப் போட்டாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அந்த ஒரு வரிதான்.

முதலில் அந்தச் சம்பளத்தையே பிரித்துப் பார்க்கலாம்

தொழிலாளர் நடுவர் முன் வைக்கப்பட்ட கணக்கு: பேசிக் 1,400, நிலையான ஓவர்டைம் 700, லீவுச் சம்பளம் 490, ஆக மாதம் 2,590 டாலர். இந்த 490 எப்படி வந்தது? 1,400-ஐ 30-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் 327-தான் வருகிறது. 1,400-ஓடு 700-ஐயும் சேர்த்து 2,100 ஆக்கி, 30-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் சரியாக 490. அதாவது லீவு நாளுக்கும் ஓவர்டைம் (ஓ.டி.) சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள். மாலுமிக்குச் சாதகமான கணக்கு. எல்லா ஒப்பந்தத்திலும் இப்படி இருக்காது. லீவுச் சம்பளம் பேசிக்கின் மேல் மட்டுமே என்று எழுதிய ஒப்பந்தங்கள் ஏராளம். கையெழுத்திடும்முன் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது அந்த 700. வாரம் 48 மணி என்றால் மாதத்துக்கு 208 மணி. 1,400-ஐ 208-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 6.73 டாலர். ஓவர்டைமுக்கு அதன் ஒன்றேகால் மடங்கு, 8.41 டாலர். இதுதான் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையான எம்.எல்.சி. 2006-இன் வழிகாட்டுதலும் சொல்லும் விகிதம். இந்த விலையில் 700 டாலர் வாங்குவது 83 மணி நேர உழைப்பை. ஆனால் நிலையான ஓவர்டைம் என்பது பிலிப்பைன்ஸ் ஒப்பந்தங்களில் வழக்கமாக மாதம் 105 மணி வரைக்குமான மொத்தக் குத்தகை. 105 மணிக்கு 883 டாலர் வர வேண்டும். அதிகாரிகளுக்கு அப்படிக் கொடுத்தே தீர வேண்டும் என்று விதி இல்லை என்பதால் இதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ‘நிலையான ஓ.டி. உண்டு’ என்று கேட்டதும் மகிழ்கிறவர், அது எத்தனை மணிக்கான விலை என்பதையும் கேட்க வேண்டும்.

பதவி இறக்கியதில் போனது எவ்வளவு? பேசிக்கில் 400. அதே விகிதத்தில் ஓ.டி.யில் 200. இரண்டும் சேர்ந்த 600-க்கு 7 நாள் லீவு 140. மொத்தம் மாதம் 740 டாலர். மார்ச் 19 முதல் ஏப்ரல் 30 வரை 43 நாள். 740-ஐ 30-ஆல் வகுத்து 43-ஆல் பெருக்கினால் 1,060 டாலரும் சில்லறையும். அவர் வித்தியாசத் தொகையாகக் கேட்டது 1,060.50. ஒரு வரியில் 400 குறைந்தால் சம்பளச் சீட்டின் அடியில் 740 குறைகிறது. அவருக்குக் கடைசியில் இந்தத் தலைப்பில் கிடைத்தது 45 டாலர்.

ஏன் கையெழுத்திட்டார் என்று கேட்பது எளிது

மணிலாவின் எர்மிட்டா பகுதியில் டி.எம். காலாவ் தெருவும் அதை ஒட்டிய லுனேட்டா பூங்காவின் ஓரமும் பல பத்தாண்டுகளாக மாலுமிச் சந்தை. பதவியும் கப்பல் வகையும் எழுதிய அட்டைகளோடு ஏஜென்சிக்காரர்கள் நிற்பார்கள். பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களைச் சுமந்துகொண்டு ஆட்கள் நடப்பார்கள். ஒருவரை ஒருவர் கபாரோ, அதாவது சக தொழில்காரர், என்று அழைத்துக்கொள்வார்கள். ஒரு கப்பலுக்குப் பெயர் பட்டியலில் ஏறுவதை லைன்-அப் என்கிறார்கள். லைன்-அப் ஆகாத இளைஞர்கள் சிலர் ஏஜென்சி அலுவலகத்திலேயே யூட்டிலிட்டி என்ற பெயரில் டீ வாங்கி, ஃபைல் தூக்கி, வங்கிக்கு ஓடி, சம்பளமே இல்லாமலோ சொற்பப் பணத்துக்கோ மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். கேடட்டாக, அதாவது கப்பலில் பயிற்சியாளராக, ஒரு இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் கூலி.

உலகத்துக்கு மிக அதிகமான மாலுமிகளைத் தருவது பிலிப்பைன்ஸ். 2021-இல் கப்பல் முதலாளிகளின் உலக அமைப்புகள் வெளியிட்ட ஆள்பலக் கணக்கில், வணிகக் கப்பல்களில் வேலை செய்யும் சுமார் 18.9 லட்சம் பேரில் முதலிடம் அந்த நாட்டுக்கு. ரஷ்யா, இந்தோனேஷியா, சீனா, இந்தியா பின்னால் வருகின்றன. ஆள் நிறைய, கப்பல் குறைவு. வேலைக்காக மாலுமியிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்று எம்.எல்.சி. சொல்கிறது, மருத்துவச் சான்று, மாலுமியின் பணிப் பதிவேடான சீமன் புக், பாஸ்போர்ட் ஆகிய மூன்றின் செலவு மட்டுமே மாலுமியுடையது, விசாச் செலவு கூட முதலாளியுடையது. ஆனாலும் பயிற்சிக்கும் காத்திருந்த மாதங்களுக்கும் வாங்கிய கடன் அவருடையதுதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பவரிடம், விமானத்துக்குச் சில மணி நேரம் இருக்கையில், குறைந்த சம்பளத் தாளை நீட்டினால் அவர் மறுப்பதற்கு என்ன இருக்கிறது? மறுத்தால் கப்பலும் இல்லை, அடுத்த லைன்-அப்பும் இல்லை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. அரசு ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தைத் தொழிலாளிக்குக் கேடாக மாற்றுவதை 1995-இன் குடியரசுச் சட்டம் 8042, தன் 6-ஆம் பிரிவில் சட்டவிரோத ஆள்சேர்ப்புச் செயல்களின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. எம்.எல்.சி.யும் கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் படிக்கவும் ஆலோசனை கேட்கவும் மாலுமிக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. கையெழுத்திட்ட மூலப் பிரதி ஒன்று மாலுமியிடமும் இருக்க வேண்டும். நடைமுறையில் காப்பாற்றுவது முதல் ஒப்பந்தத்தின் பிரதிதான். அது வீட்டில் ஒன்று, ஃபோனில் படமாக ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது தாளில் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்றால், அன்றைக்கே ஏஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல்: ‘இன்ன பதவிக்கு இன்ன தேதிக்குள் மாற்றுவதாகச் சொன்னதன் பேரில் கையெழுத்திட்டேன்.’ அவர்கள் பதில் போடாவிட்டாலும் அந்தத் தேதி நடுவர் முன் சாட்சி சொல்லும். வாய்வார்த்தையை நிரூபிப்பதைப் போலப் பாடான வேலை வேறில்லை.

நான்கு படி, நான்கு தொகை

திரும்பி வந்தவர் கேட்டது மிச்ச ஒப்பந்தக் காலம் முழுமைக்கும் மாதம் 2,590 வீதமும், வித்தியாசத் தொகையும் சேர்த்து 26,442.73 டாலர். அதுபோக மன உளைச்சலுக்கான நஷ்டஈடு தனி.

1999 ஜூலையில் தொழிலாளர் நடுவர், பணிநீக்கம் சட்டவிரோதம் என்று சொன்னார். ஆனால் தந்தது மூன்று மாதச் சம்பளம் மட்டும், 8,770 டாலர். கூடவே அந்த 45 டாலர் வித்தியாசமும் பத்து சதவீத வக்கீல் கட்டணமும். நடுவர் எடுத்துக்கொண்ட மாத விகிதம் 2,590. மூன்றால் பெருக்கினால் 7,770-தான் வருகிறது. தீர்ப்பில் 8,770 என்று இருக்கிறது. ஆயிரம் டாலர் எங்கிருந்து முளைத்தது என்பது தெரியாது, அதற்கு ஆயுளும் அதிகமில்லை. 2000 ஜூனில் தேசியத் தொழிலாளர் உறவு ஆணையமான என்.எல்.ஆர்.சி. கணக்கைத் திருத்தியது: சட்டத்தில் ஓவர்டைமும் லீவுச் சம்பளமும் சொல்லப்படவில்லை, எனவே பேசிக் 1,400 மட்டும். மூன்று மாதத்துக்கு 4,200, வித்தியாசம் 45, வக்கீல் கட்டணம் 424.50, ஆக 4,669.50 டாலர். 2004 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குறைப்பை ஏற்றது. மூன்று மாதக் கணக்கு அரசியல் சாசனத்துக்கு முரண் என்ற வாதத்தைத் தொடாமல் விட்டது.

பணிநீக்கம் தவறு என்பதில் மூன்று இடத்திலும் கருத்து வேறுபாடே இல்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சண்டை முழுக்கத் தொகையைப் பற்றியதுதான்.

அந்த மூன்று மாதம்

சட்டம் 8042-இன் 10-ஆம் பிரிவு சொன்னது: காரணமின்றி நீக்கப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள காலத்தின் சம்பளம், அல்லது மிச்சமுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று மாதச் சம்பளம், இவற்றில் எது குறைவோ அது. ‘எது குறைவோ அது’ என்ற அந்த வால்தான் வழக்கின் மையம். அதற்கு முன் 1999-இல் இன்னொரு மாலுமி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த மூன்று மாதக் கணக்கு ஓராண்டோ அதற்கு மேலோ உள்ள ஒப்பந்தங்களுக்கு மட்டும் என்று பொருள் கூறியிருந்தது. அதன் விளைவு விசித்திரமானது. 2009 தீர்ப்பே ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறது. ஒரே முதலாளி, ஒரே நாள் வேலையில் சேர்ந்த இருவர், இருவருக்கும் மாதம் 1,000 டாலர். ஒருவருக்கு 10 மாத ஒப்பந்தம், மற்றவருக்கு 15 மாத ஒப்பந்தம். ஒரு மாதத்தில் இருவரையும் காரணமின்றி அனுப்பிவிடுகிறார்கள். முதலாமவருக்கு மிச்சம் 9 மாதம், கிடைப்பது 9,000. இரண்டாமவருக்கு மிச்சம் 14 மாதம், கிடைப்பது 3,000.

இதில் முதலாளிக்குள்ள வசதியை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 12 மாதம் என்று எழுதினால் அனுப்பும் செலவு மூன்று மாதச் சம்பளத்தோடு முடிந்துவிடும். உள்நாட்டில் குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இந்த உச்சவரம்பு இல்லை. அவருக்கு மிச்சக் காலம் முழுமைக்கும் சம்பளம். அரசுத் தரப்பு வாதம் ஏஜென்சிகளைப் பற்றியது. வெளிநாட்டு முதலாளியோடு மணிலா ஏஜென்சியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று சட்டம் வைத்திருக்கிறது. முதலாளி கடலுக்கு அப்பால் இருப்பதால் பணம் கட்டுவது ஏஜென்சிதான். அந்தச் சுமையைக் குறைத்தால் தொழில் பிழைக்கும், வேலையும் பிழைக்கும் என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. சமப் பாதுகாப்புக்கும் சட்டமுறைமைக்கும் எதிரானது என்று அந்த வாலை வெட்டியது. 9 மாதம் 23 நாளுக்கும் மாதம் 1,400 வீதம் தரச் சொன்னது. 30 நாள் மாதமாகப் போட்டால் 13,673 டாலர் வரும்.

என்.எல்.ஆர்.சி. தந்ததன் ஏறக்குறைய மூன்று மடங்கு. கேட்டதில் ஏறக்குறைய பாதி.

மறுபாதி ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் மாலுமிகள் கவனிக்க வேண்டியது. அவர் 2,590 வீதம் கேட்டார். நீதிமன்றம் மாலுமிகளின் நிலையான ஒப்பந்தத்தையே எடுத்துக் காட்டியது: அதில் சம்பளம் என்பது ஓவர்டைம், லீவு, போனஸ் நீங்கலான பேசிக். ஓவர்டைம் என்பது எட்டு மணி நேரத்துக்கு மேல் ‘செய்த’ வேலைக்கான கூலி. கப்பலில் இல்லாதவர் செய்யவில்லை, செய்யாததற்குக் கூலி இல்லை. 1991-லேயே இன்னொரு வழக்கில் இதே நீதிமன்றம், ஒப்பந்தத்தில் ஓ.டி. வரி இருப்பதே போதாது, வேலை செய்ததற்குச் சான்றும் வேண்டும் என்றிருந்தது. தர்க்கம் பிசகில்லாததுதான். ஆனால் வேலையை விட்டு வெளியே தள்ளியவரே ‘நீ வேலை செய்யவில்லையே’ என்று சொல்லித் தப்ப அது வழி விடுகிறது. அதோடு, பேசிக்கைச் சிறிதாகவும் மற்றதைப் பெரிதாகவும் எழுத முதலாளிக்கு இருந்த காரணம் இன்னும் பலமானது. 2,590-இல் பேசிக் 54 சதவீதம்தான்.

ஒரு ஏபியின் சீட்டில் அதே வரி

கப்பலின் டெக்கில் வேலை செய்யும் ஏபிள் சீமனை எல்லோரும் ஏபி என்பார்கள். உலகத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் கூட்டுக் குழு நிர்ணயிக்கும் ஒரே குறைந்தபட்ச மாலுமிச் சம்பளம் இவருடையதுதான். 2025-இல் அது மாதம் 673 டாலர். 2025 ஏப்ரலில் எட்டிய உடன்பாட்டின்படி 2026 ஜனவரி 1 முதல் 690. கவனிக்க: இது பேசிக்.

673-ஐ வைத்துச் சீட்டு எழுதினால், மணிக்கு 3.24. ஓ.டி. மணிக்கு 4.04, 105 மணிக்கு 424.67. எம்.எல்.சி. சொல்லும் குறைந்தபட்ச லீவு மாதத்துக்கு இரண்டரை நாள். பேசிக்கின் மேல் 56. ஆக 1,154 டாலர் சுமார். இதிலும் பேசிக் 58 சதவீதம்.

இனி அந்த 673 எங்கெல்லாம் போய் வேலை செய்கிறது என்று பாருங்கள். பிலிப்பைன்ஸ் நிலையான ஒப்பந்தத்தில் அலாட்மென்ட் கட்டாயம்: பேசிக்கில் குறைந்தது 80 சதவீதம் மாதாமாதம் வங்கி வழியாக வீட்டுக்குப் போக வேண்டும். 1982-இல் அந்நியச் செலாவணிக்காக அதிபர் மார்கோஸ் போட்ட நிர்வாக ஆணை 857-இல் தொடங்கிய ஏற்பாடு. 673-இல் 538.40 வீட்டுக்கு. அனுப்பும் செலவு மாலுமி தலையில் விழக் கூடாது. வீட்டில் உள்ளவர்கள் பெசோவாக எடுக்கும்போது எந்த விகிதத்தில் மாற்றினார்கள் என்று சீட்டில் பார்க்க வேண்டும். டாலருக்கு ஒரு பெசோ குறைத்தாலும் மாதம் 538 பெசோ, கப்பலில் இருபது பேர் என்றால் பத்தாயிரத்துக்கு மேல்.

கப்பலில் நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினால், குணமாகும் வரை அல்லது ஊனத்தின் அளவு கணிக்கப்படும் வரை தரும் நோய்க்காலப் படியும் பேசிக் அளவுதான், 120 நாள் வரைக்கும். நான்கு மாதத்துக்கு 2,692 டாலர். வேலையில் இருந்திருந்தால் 4,600-க்கு மேல். இதைப் பெற ஒரு கெடு உண்டு: இறங்கியதிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் நிறுவனம் குறிப்பிடும் மருத்துவரிடம் போய்ப் பதிவாக வேண்டும். உடம்பால் முடியாத நிலை என்றால் அதே காலத்துக்குள் எழுத்தில் தெரிவித்தாலும் போதும். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பியவர்கள் உரிமையை இழந்த வழக்குகள் நிறைய. நிரந்தர முழு ஊனத்துக்கு அதே ஒப்பந்தம் 60,000 டாலர் வைத்திருக்கிறது. அந்தத் தொகை பேசிக்கைச் சார்ந்ததல்ல, அட்டவணையில் உள்ளது. அதனாலேயே சண்டை அங்கே மருத்துவச் சான்றின் மேல் நடக்கிறது.

போர்ப் பகுதிப் படியும் பேசிக்கின் மேல்தான். 2023 நவம்பர் 19-இல் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலை யேமனின் ஹூதிகள் பிடித்தபோது அதிலிருந்த 25 பேரில் 17 பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். 2025 ஜனவரி 22 வரை பிணைக் கைதிகளாக இருந்தார்கள். 2024 மார்ச் 6-இல் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பல் தாக்கப்பட்டபோது இறந்த மூவரில் இருவர் பிலிப்பைன்ஸ்காரர்கள், ஜூன் 12-இல் டியூட்டர் கப்பலில் ஒருவர். தொழிற்சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் சேர்ந்த ஐ.பி.எஃப். ஒப்பந்தத்தின் கீழ் உள்ள கப்பலுக்கு, போருக்கு ஒப்பான பகுதி என்று அறிவித்த இடத்தில் பேசிக்குக்குச் சமமான கூடுதல் படி, குறைந்தது ஐந்து நாளுக்கு. மரணத்துக்கும் ஊனத்துக்கும் இரட்டிப்பு ஈடு. போக மறுக்கும் உரிமை, நிறுவனச் செலவில் ஊர் திரும்புதல், இரண்டு மாத பேசிக் இழப்பீடு. பேசிக் 700 என்று வைத்துக்கொண்டால் அந்த ஐந்து நாள் படி 117 டாலர். ஏவுகணை விழும் தண்ணீரைத் தாண்டுவதற்கு.

மணிக் கணக்கு

காகிதத்தில் 105 மணி ஓ.டி. என்பது எவ்வளவு பெரிய சமாளிப்பு என்பது வாட்ச் முறையை, அதாவது முறை வைத்துக் கப்பலைக் கவனிக்கும் பணியை, பார்த்தால் தெரியும். நான்கு மணி வாட்ச், எட்டு மணி ஓய்வு என்ற முறையில் கூட நாளுக்கு எட்டு மணி, ஞாயிறும் உண்டு. 30 நாளில் 240 மணி. 208 போக 32 மணி, வேறெந்த வேலையும் தொடாமலே ஓ.டி. சிறிய கப்பல்களில் இரண்டே பேர் மாறி மாறி ஆறு மணிக்கு ஒருமுறை நின்றால் நாளுக்கு 12 மணி, மாதம் 360. ஓ.டி. 152 மணி. 105-க்கு மேல் 47 மணி. அதற்குத் தனியாகப் பணம் தரும் ஒப்பந்தமா, குத்தகையில் அடங்கிவிட்டதா என்பது வேறு வேறு.

இந்த ஆறுக்கு ஆறு முறை சட்டத்துக்குள் நிற்கிறதா? எம்.எல்.சி.யின்படி 24 மணியில் குறைந்தது 10 மணி ஓய்வு, ஏழு நாளில் 77. ஓய்வை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒரு துண்டு ஆறு மணியாவது இருக்க வேண்டும். ஆறுக்கு ஆறில் ஓய்வு நாளுக்கு 12, வாரத்துக்கு 84. கணக்கு சரி. ஆனால் ஆறு மணி ஓய்வு என்பது ஆறேதான். அதற்குள் வாட்சை ஒப்படைக்க வேண்டும், சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், அடுத்த வாட்சுக்குக் கால் மணி முன்னால் கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் நிற்க வேண்டும். ஒரு நாள் துறைமுகத்தில் கயிறு கட்ட எழுப்பினால் அந்த ஆறு உடைந்துவிடும். உடைந்ததை அப்படியே எழுதினால் ஓய்வு நேர மென்பொருள் சிவப்பைக் காட்டும், ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். ஆகவே கட்டங்களைப் பச்சையாக்குகிறார்கள். வேலை நேர உச்சவரம்பைத் தேர்ந்த கொடி நாட்டில், அதாவது கப்பல் பதிவான நாட்டில், வாரத்துக்கு 72 மணி. ஓய்வு நேரக் கணக்கைத் தேர்ந்த நாட்டில் 168-இல் 77 போக 91 மணி வேலை சட்டப்படி ஆகும். ஒரே உடன்படிக்கை, 19 மணி வித்தியாசம்.

துறைமுக ஆய்வாளர்கள் இந்தப் பச்சைக் கட்டங்களை அப்படியே நம்புவதில்லை. கயிறு கட்டிய நேரம் டெக் லாக்கில் இருக்கும், எண்ணெய் ஏற்றிய நேரம் பங்கர் சீட்டில் இருக்கும், நள்ளிரவு எஞ்சின் அறை அலாரத்தை யார் போய் நிறுத்தினார் என்பது அலாரம் பதிவில் இருக்கும். அந்த நேரத்தில் ஓய்வு என்று எழுதப்பட்ட பெயர் ஒன்று சிக்கினால் முழுச் சீட்டும் பொய்யாகிவிடும். சம்பளத்திலும் இதேதான்: ஆய்வாளருக்குக் காட்ட ஒரு சம்பளக் கணக்கு, உண்மையில் கொடுக்க இன்னொன்று. கூடுதல் தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு குறைவாகக் கொடுப்பார்கள். மாலுமி பொய்யான ஓய்வு நேரச் சீட்டில் கையெழுத்திடும்போது தன் ஓ.டி. சான்றையே தான் அழித்துக்கொள்கிறார். 1991 தீர்ப்பு கேட்பது அந்தச் சான்றைத்தான். தனி நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வேலை, கூட இருந்தவர் என்று ஐந்து குறிப்பு எழுதி வைப்பது இதற்காகத்தான். சம்பளம் மாதம் ஒருமுறையாவது தரப்பட வேண்டும், ஒவ்வொரு மாதமும் கணக்குச் சீட்டு வேண்டும் என்பது எம்.எல்.சி. விதி. ஓ.டி.யையும் லீவுப் பணத்தையும் இறங்கும் நாளில் மொத்தமாகத் தருகிறோம் என்று வைத்திருந்தால், பணம் தொலைவது பெரும்பாலும் அந்தக் கடைசி நாளில்தான்.

வெட்டிய வால் மீண்டும் முளைத்தது

2009 தீர்ப்பு வந்து ஓராண்டுக்குள், 2010-இல் நாடாளுமன்றம் சட்டம் 8042-ஐத் திருத்திய சட்டம் 10022-இல் ‘எது குறைவோ அது’ அதே சொற்களில் மீண்டும் எழுதப்பட்டது. 2014 ஆகஸ்ட் 5-இல் தைவானுக்குப் போன ஒரு தொழிற்சாலைப் பெண் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுபடியும் செல்லாததாக்கியது. அதனால் இன்றைக்கும் நடைமுறை 2009 கணக்குதான்: மிச்ச ஒப்பந்தக் காலம் முழுமைக்கும் பேசிக்.

2024 செப்டம்பர் 23-இல் கையெழுத்தான சட்டம் 12021, பிலிப்பைன்ஸ் மாலுமிகளின் மாக்னா கார்ட்டா, இந்தக் கதையில் இன்னொரு மடிப்பைச் சேர்த்தது. மேல்முறையீடு முடியும் முன்னரே சர்ச்சைக்குரிய தீர்ப்புத் தொகையைப் பெற விரும்பும் மாலுமி பிணைத்தொகை கட்ட வேண்டும். மேல் நீதிமன்றம் தொகையைக் குறைத்தால் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க வழியில்லை என்று முதலாளிகள் சொல்லிவந்தார்கள். வேலை இழந்தவரிடம் பிணைத்தொகைக்குப் பணம் ஏது என்று மாலுமி அமைப்புகள் கேட்டன. ஊனத்தோடு திரும்பியவருக்கு இது சின்னத் தடை அல்ல. வக்கீல் கட்டணத்துக்கு மட்டும் 2015-இன் சட்டம் 10706 பத்து சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் வழக்குப் பிடிப்பவர்களைத் தடுக்க வந்த சட்டம் அது.

பணக் கோரிக்கைக்குக் காலக்கெடு, உரிமை பிறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. வழக்கு ஏஜென்சியையும் வெளிநாட்டு முதலாளியையும் சேர்த்தே போடப்படும், வசூலாவது ஏஜென்சியிடம். கொண்டு போக வேண்டியவை: அரசு ஒப்புதல் பெற்ற ஒப்பந்தம், கப்பலேறிய பின் தரப்பட்ட வேறு தாள் ஏதாவது இருந்தால் அது, மாதக் கணக்குச் சீட்டுகள், அலாட்மென்ட் வங்கிப் பதிவு, சீமன் புக்கில் ஏறிய இறங்கிய தேதிகளின் முத்திரை. 1998 வழக்கில் 2 மாதம் 7 நாள் என்பதும் 9 மாதம் 23 நாள் என்பதும் அப்படிப்பட்ட இரண்டு தேதிகளிலிருந்து வந்தவை. 1,400 என்பது முதல் ஒப்பந்தத்திலிருந்து வந்தது. அவர் கப்பலேறியது 1,000 என்று எழுதிய இரண்டாவது தாளின் பேரில்.